தலைக்கு மேல் விளக்கு, சுவிட்ச் மட்டும் இல்லை

கேள்வி: சரவணம்பட்டியில் ஐடி வேலை, வயது 43. பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கிய புது ஆபீசுக்கு மாறி நாலு மாதம் ஆகிறது. மதியம் மூணு மணிக்கு மேல் கண் எரிச்சல், நெற்றிவலி. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே இல்லை. விளக்கெல்லாம் சென்சாரில் ஓடுது, நம்ம கையில் சுவிட்ச் கிடையாது. விளக்கு காரணமா, கண்ணாடி போடணுமா டாக்டர்?

பதில்: ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை என்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்குங்க. மீதியை நாளைக்கு மூணு மணிக்கு நீங்களே பார்த்துவிடலாம். காட்டில் வெயிலுக்கு நெற்றியில் கை வைத்துப் பார்ப்போமே, அதேபோல் வைத்துக்கொண்டு மானிட்டரைப் பாருங்கள். கண்ணுக்கு உடனே இதமாக இருந்தால் மேலே இருக்கிற விளக்குதான் கூசுகிறது. அப்புறம் மானிட்டரை அணைத்துவிட்டு, அந்தக் கறுப்புத் திரையில் விளக்கோ ஜன்னலோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், இத்தனை நாளும் அந்தப் பிம்பத்துக்கு நடுவில்தான் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

எந்தச் சான்றிதழ் என்று எழுதவில்லை. லீட் (LEED) என்கிற அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சான்றிதழின் நான்காம் பதிப்பு என்றால், அதில் உள்விளக்குக்கு ஒரு மதிப்பெண் உண்டு: தனித்தனியாக உட்கார்ந்து வேலை செய்கிற இடங்களில் குறைந்தது 90 சதவீதத்திலாவது அவரவர் வெளிச்சத்தை அவரவரே மாற்றிக்கொள்ள வசதி வேண்டும், அதுவும் முழுசாக, அணைத்து, நடுவில் 30 முதல் 70 சதவீதம் என்று மூன்று நிலையில். கட்டாயமில்லை, மதிப்பெண் வேண்டுமென்றால் செய்யலாம் என்கிற கணக்குதான், அதனால் உங்கள் கட்டடம் வேறு வழியில் மதிப்பெண் சேர்த்திருக்கலாம். கரண்ட் மிச்சம் பிடித்தவர்கள் கண்ணையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்பது என் வருத்தம். அட்மினிடம் உங்கள் தலைக்கு மேல் இருக்கிற ஒரு விளக்கை மட்டும் மங்கலாக்கி, மேசைக்கு ஒரு சின்ன விளக்கு கேளுங்கள்.

ஒரே வெளிச்சம் எல்லோருக்கும் ஒத்துவராது. 25 வயசுப் பையனுக்குக் கூசுவது 55 வயசுக்காரருக்குப் பத்தாது, ஏனென்றால் வயது ஏற ஏற கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது, உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. திருப்பூரில் செக்கிங் டேபிளுக்கு மேல் பளிச்சென்று டியூப் லைட் தொங்குவது துணியில் ஓட்டை தேட. நீங்கள் பார்க்கும் திரையோ தானே ஒளிர்கிறது, அதற்கு அவ்வளவு வெளிச்சம் எதற்கு?

சரி, கண்ணாடி. 43 என்றால் வெள்ளெழுத்து ஆரம்பித்திருக்க வாய்ப்பு அதிகம், விளக்கை மாற்றினாலும் அது போகாது, சோதித்தே ஆக வேண்டும். எரிச்சலுக்கு ஏசியும் காரணம். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறைபோல இமைக்கிற நாம் திரையைப் பார்த்தால் அதில் பாதிகூட இமைப்பதில்லை. ஏசிக் காற்று நேராக முகத்தில் அடித்தால் நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். தினமும் வலி மாத்திரை போடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தாலோ, கண் சிவந்து வாந்தியோடு வலித்தாலோ, திடீரென்று பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சோதனைக்குப் போகும்போது கண்ணுக்கும் மானிட்டருக்கும் எத்தனை அங்குலம் என்று அளந்து குறித்துக்கொண்டு போங்கள், கண்ணாடி பவர் அதை வைத்துத்தான். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாகத் தெரியும், ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.