வெனிஸில் அறைக்கு முன் வாசலைப் பாருங்கள்

கேள்வி: வருகிற நவம்பரில் எங்கள் திருமண வெள்ளிவிழா. கணவர், 72 வயது மாமியார், நான் மூவரும் வெனிஸில் 3 இரவுகள் தங்கப்போகிறோம். மாமியாருக்கு மூட்டுவலி. வாழ்நாளில் ஒருமுறைதானே என்று நல்ல ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்காகவே பணம் சேர்த்திருக்கிறோம். பயண ஏற்பாட்டாளரோ, "பக்கத்து ஊரான மெஸ்ட்ரேயில் பாதி விலைக்கு அதே வசதி கிடைக்கும்" என்கிறார். படங்களில் பார்த்தால் எல்லா ஹோட்டலும் அரண்மனையாகத்தான் தெரிகின்றன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?
- வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரி, வெள்ளிவிழாவுக்கு வாழ்த்துகள். மாமியாரையும் அழைத்துப்போக நினைத்தீர்களே, அது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. அவருடைய முழங்காலை வைத்தே ஹோட்டலைத் தேர்ந்தெடுங்கள். விலை, அலங்காரம், நட்சத்திரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெனிஸின் பழைய நகரத்துக்குள் கார் வராது. சைக்கிள் ஓட்டவும் தடை. படகில் போக வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படி ஏறி இறங்குபவை. என் தாயாருடன் போனபோது வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்து அறை எடுத்தேன். படகுத்துறையிலிருந்து சில நிமிட நடைதான். ஆனால் இடையில் மூன்று பாலங்கள். பெட்டிகளை அக்கரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, அம்மாவைக் கைபிடித்து ஏற்றி இறக்கினேன். ஹோட்டலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மறுநாள் முழுவதும் அம்மாவால் அறையைவிட்டு வெளியே வர முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த ஊர் மாளிகைகளுக்கு இரண்டு வாசல்கள். வணிகர்கள் சரக்கைப் படகிலிருந்து நேரே தரைத்தளத்தில் இறக்கி, மேல்தளத்தில் குடியிருந்தார்கள். அதனால் கால்வாயைப் பார்த்த நீர்வாசல்தான் தலைவாசல். தெருவைப் பார்த்தது பின்வாசல் போல. ஹோட்டலுக்கு எழுதும்போது முதலில் இதைக் கேளுங்கள்: விமான நிலையத்திலிருந்து வரும் தனிப்படகு உங்கள் நீர்வாசலிலேயே நிற்குமா? அங்கே மிதக்கும் மேடை உண்டா, வெறும் கற்படிகளா? நீர் வற்றும் நேரத்தில் கற்படிகளின் கீழ்ப்பகுதியில் பாசி படிந்திருக்கும். படகுக்கும் படிக்கும் இடைவெளியும் கூடும். மூட்டுவலிக்காரருக்கு அது ஆபத்து. அடுத்து, வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படிகள் என்று கேளுங்கள். கடைசியாக, வாப்பரெட்டோ துறைக்கும் ஹோட்டலுக்கும் இடையில் எத்தனை பாலங்கள் என்று கேளுங்கள். வாப்பரெட்டோ என்பது அந்த ஊர் டவுன் பஸ். நீரில் ஓடுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

உதாரணத்துக்குக் கிரிட்டி பேலஸ் ஹோட்டலைப் பாருங்கள். 1475-இல் எழுந்த மாளிகை. பிறகு வெனிஸ் குடியரசின் தலைவரான ஆந்திரேயா கிரிட்டி வாழ்ந்த இடம். ஜிலியோ படகுத்துறை அதன் பக்கத்திலேயே இருக்கிறது, இடையில் பாலம் இல்லை. கால்வாயின் எதிர்க்கரையில் சலூத்தே தேவாலயம். விலை மிக அதிகம். ஆனால் அந்த விலையில் பாலம் ஏறாத வழியும் சேர்ந்தே கிடைக்கிறது. டானியேலி அதைவிடப் புகழ்பெற்றது, 1822 முதல் விடுதி. 14-ஆம் நூற்றாண்டின் தாந்தோலோ மாளிகை அதன் ஒரு பகுதிதான். ஒட்டி நிற்கும் மற்றக் கட்டடங்களில் ஒன்று கடந்த நூற்றாண்டில் கட்டியது. அண்மைக் காலத்தில் அங்கே புதுப்பிப்பு வேலையும் நடந்தது. எந்தக் கட்டடத்தில் அறை என்று எழுத்தில் வாங்காமல் அங்கே முன்பணம் கட்டாதீர்கள்.

மாளிகை வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், ஜுதெக்கா தீவில் ஒரு பழைய மாவு ஆலை இருக்கிறது. மொலினோ ஸ்டக்கி என்று பெயர், 2007 முதல் ஹில்டன் ஹோட்டல். பெரிய கட்டடம், சிறு மாளிகைகளின் இடநெருக்கடி இல்லை. ஆனால் நகரின் மையச் சதுக்கமான சான் மார்கோ பக்கம் போக ஒவ்வொரு முறையும் படகு ஏற வேண்டும். இரவில் கடைசிப் படகு எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மெஸ்ட்ரே வேண்டாம். அது கடலுக்கு இப்பால் நிலப்பகுதியில் இருக்கும் ஊர்; ரயிலில் சுமார் பத்து நிமிடம்தான், குறையொன்றும் சொல்ல முடியாது. ஆனால் பகல்கூட்டம் கலைந்த பிறகு, கல்தரையில் காலடி ஓசை மட்டும் கேட்கும் வெனிஸ் இருக்கிறதே, அதற்குத்தானே இத்தனை ஆண்டு சேமித்தீர்கள்? அந்த நேரத்தில் நீங்கள் ரயிலில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

நவம்பர் என்பதால் இன்னொன்று. அது 'ஆக்குவா ஆல்தா' என்னும் உயர்நீர்க் காலம். 2019 நவம்பர் 12 அன்று நீர்மட்டம் 187 செ.மீ. வரை ஏறியது, 1966-இன் 194 செ.மீ.க்குப் பிறகு அதுதான் அதிகம். 2020 அக்டோபரிலிருந்து 'மோசே' என்னும் கடல்நீர்த் தடுப்பின் 78 கதவுகள், நீர் சுமார் 110 செ.மீ.யைத் தொடும் என்று கணிக்கும்போது எழுப்பப்பட்டு நகரத்தைக் காக்கின்றன. ஆனால் சான் மார்கோ சதுக்கம் தாழ்வானது. அதற்குக் குறைந்த மட்டத்திலேயே அங்கே தண்ணீர் ஏறும். மரப்பலகை நடைமேடை போடுவார்கள், உங்கள் மாமியாரை அதில் நடக்க விடாதீர்கள். நீர் உயரும் நாளில் தாழ்ந்த பாலங்களின் அடியில் படகும் நுழையாது. அந்த நாளில் எந்த வழியாக வெளியே போவது என்று கேட்டால், நல்ல ஹோட்டல் தெளிவாகப் பதில் எழுதும். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

'கால்வாய்க் காட்சி' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். கனால் கிராந்தே என்ற பெருங்கால்வாய் ஒன்று. 'ரியோ' என்ற சிறு கால்வாய்கள் பல. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அறைக்கும் அதே பெயர்தான். உங்களுக்குத் தரப்போகும் அறை ஜன்னலின் படத்தையே கேளுங்கள். நகர வரி அறை வாடகைக்கு மேல், ஆளுக்கு இத்தனை என்று ஒவ்வோர் இரவுக்கும் வரும். அதையும் கணக்கில் வையுங்கள்.

எப்படியும் இரண்டு அறை எடுப்பீர்கள். இரண்டுக்கும் பெருங்கால்வாய்க் காட்சி வாங்கப் பணம் போதாது என்றால், முற்றம் பார்த்த அறையை நீங்கள் இருவரும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஊரைச் சுற்றும் நேரத்தில் அறையில் அதிகம் இருக்கப்போகிறவர் உங்கள் மாமியார்தான். நவம்பரில் மாலை ஐந்து மணிவாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். அதற்குள் ஒரு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, போர்வையோடு அவரை உட்கார வையுங்கள். காய்கறிப் படகும் சலவைத்துணிப் படகும் அந்த வழியாகத்தான் போகும்.