குழந்தை வறுமையை எப்படி அளக்கிறார்கள்? கேள்வி பதில்

கடந்த வாரம் வந்த கேள்விகளில், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

குடும்பம் ஏழை என்றால் குழந்தையும் ஏழைதானே? தனியாக எதற்கு அளக்க வேண்டும்?

பாதி சரி. வருமானக் கணக்கு வீட்டு வாசலோடு நின்றுவிடும். மொத்தச் செலவைத் தலைக்கு வகுத்து ஆளுக்கு இவ்வளவு என்று போடுகிறோம். உள்ளே யாருக்குச் சாப்பாடு குறைந்தது, யாருடைய படிப்பை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. அப்புறம், குழந்தைக்கு வேண்டிய பலவற்றைக் காசு கொடுத்து வாங்கவே முடியாது. பெற்றோர் கையில் பணம் இருக்கலாம். நடந்து போகும் தூரத்தில் பள்ளியோ தடுப்பூசி மையமோ இல்லாமல் இருக்கலாம். பணக்கணக்கில் அந்தக் குழந்தை ஏழைப் பட்டியலில் வராது.

உலக வங்கியின் வறுமைக் கோட்டை வைத்தும் குழந்தைகளை எண்ணுகிறார்களே?

ஆமாம். 2023-இல் யூனிசெஃபும் (ஐ.நா.வின் குழந்தைகள் நிதியம்) உலக வங்கியும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-இல் அப்போதைய கோடான நாளொன்றுக்கு 2.15 டாலருக்கும் குறைவான தொகையில் வாழும் வீடுகளில் 33.3 கோடி குழந்தைகள் இருந்தார்கள். ஏழை வீட்டில் இருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை இது. அவர்களுக்கு என்ன கிடைக்கவில்லை என்பது வேறு கேள்வி. இன்னொன்று: 2025 ஜூனில் கோடு 3 டாலராக மாறிவிட்டது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து "வறுமை கூடிவிட்டது" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

மேடம், "இல்லாமை" என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

1995-இல் கோபன்ஹேகனில் நடந்த சமூக வளர்ச்சிக்கான உலக மாநாடு, உணவு, குடிநீர், கழிப்பிடம், உடல்நலம், உறைவிடம், கல்வி, தகவல் ஆகியவை கடுமையாக இல்லாமல் போவதை முழு வறுமை என்றது. அதை அடிப்படையாக வைத்து பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு ஒன்று யூனிசெஃபுக்காக 2003-இல் குழந்தைகளுக்கான அளவுகோல் செய்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கடும் இல்லாமைகள் இருந்தால் முழு வறுமை என்று கணக்கு. வளரும் நாடுகளின் குழந்தைகளில் பாதிக்கு மேல் ஒரு கடும் இல்லாமையாவது உள்ளவர்கள் என்று முடிவு வந்தது.

எல்லைகளைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஓர் அறைக்கு ஐந்து பேருக்கு மேல் இருந்தாலோ, மண் தரையாக இருந்தாலோ உறைவிடம் இல்லாமை. ஏழு முதல் பதினெட்டு வயது வரை பள்ளிப் பக்கமே போகாதிருந்தால் கல்வி இல்லாமை. மூன்றாம் வகுப்போடு நின்ற பிள்ளை? இந்த எல்லைப்படி அவளுக்குக் கல்வி இல்லாமை இல்லை! வேண்டுமென்றேதான் இவ்வளவு கடுமையாக வைத்தார்கள், யாரும் மறுக்க முடியாத நிலையை மட்டும் எண்ணுவதற்காக. ஆனால் அந்த முடிவைப் படிக்கிறவர் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தலைகளை எண்ணினால் போதாதா? எதற்கு இத்தனை சூத்திரம்?

நூறு குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் ஏழைகள். ஏழு விஷயங்களில் ஆளுக்கு நான்கு கிடைக்கவில்லை. அரசு நல்ல வேலை செய்து அந்த நாற்பது பேருக்கும் குடிநீர் கொண்டுவருகிறது. இப்போது ஆளுக்குக் கிடைக்காதவை மூன்று. இரண்டு இல்லாமை இருந்தாலே ஏழை என்பதுதான் எல்லை என்பதால் ஏழைகள் அதே நாற்பது பேர்தான். செய்த வேலை கணக்கிலேயே வராது. இதற்காகத்தான் அல்கைர், ஃபாஸ்டர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் உருவாக்கிய அல்கைர்–ஃபாஸ்டர் முறையில் எத்தனை பேர் என்பதோடு எவ்வளவு ஆழம் (ஏழைகளுக்குச் சராசரியாக எத்தனை பங்கு கிடைக்கவில்லை) என்பதையும் பெருக்குகிறார்கள். முன்பு 0.40 × 4/7, சுமார் 0.23, இப்போது 0.40 × 3/7, சுமார் 0.17. மாற்றம் தெரிகிறது.

தலை எண்ணிக்கை மட்டும் இருந்தால் எல்லைக்கு ஒட்டி நிற்பவர்களைத் தூக்கிவிட்டுச் சாதனை காட்டலாம். ஆழத்தில் கிடப்பவர்களைத் தொட வேண்டியதே இல்லை. இந்த ஆசை எல்லா நிர்வாகத்துக்கும் வரும்.

கைக்குழந்தைக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே பட்டியலா?

கூடாது. உயரம், எடை பெரும்பாலான சர்வேக்களில் ஐந்து வயதுக்குள்தான் எடுக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தத் தகவலே கிடையாது; தகவல் இல்லாததை "குறை இல்லை" என்று எண்ணினால் பெரிய பிள்ளைகள் எல்லாரும் நன்றாக இருப்பது போலத் தோன்றும். ஒரே குழந்தைக்குச் சேர்ந்து வரும் பல இல்லாமைகளை அளக்கும் யூனிசெஃபின் மோடா (MODA) முறையில் ஐந்துக்குக் கீழ் ஒரு பட்டியல், மேலே வேறு பட்டியல்.

தெருவில் வாழும் பிள்ளைகள் இந்தக் கணக்கில் உண்டா?

பெரும்பாலும் இல்லை. வீடு வீடாகப் போகும் சர்வே வீட்டில் இருப்பவர்களைத்தான் பார்க்கும். தெருவிலும் விடுதிகளிலும் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கெடுப்பு வேண்டும்.

அக்கா, முதுகலை ஆய்வுக்கு எங்கிருந்து தொடங்குவது?

பல நாடுகளில் வீடு வீடாகப் போய் எடுக்கும் யூனிசெஃபின் மிக்ஸ் (MICS) சர்வே தரவு, பதிவு செய்தால் இலவசம். ஏழை என்று எண்ண எத்தனை இல்லாமை வேண்டும் என்ற எல்லையை இரண்டிலிருந்து மூன்றாக மாற்றிப் பாருங்கள். மாவட்டங்களின் வறுமை வரிசை குலைந்தால், அதைப் பின்னிணைப்பில் ஒளிக்காமல் முதல் அத்தியாயத்திலேயே எழுதுங்கள். சர்வே மாதிரி மாவட்ட அளவுக்குப் போதுமா என்பதை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பல நாடுகளில் மாநில அளவுக்குத்தான் போதும்.