முதல் ரிசீவர்: வாட் எண்ணை மட்டும் பார்க்கலாமா?

கேள்வி: பத்துக்குப் பன்னிரண்டு அடி கூடத்தில் முதன்முறையாக ஹோம் தியேட்டர் அமைக்கிறேன். எத்தனை வாட் ரிசீவர் வாங்கலாம்?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: ரிசீவர் என்பது ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி. அதன் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் வாட் எண், பெரும்பாலும் ஒரே சேனலை (ஒரு ஸ்பீக்கருக்கான ஒலிவழியை) 6 ஓம் சுமையில், அதாவது குறைந்த மின்தடையுள்ள ஸ்பீக்கர் கணக்கில், இயக்கி அளந்தது. அதனால் எண் பெருத்துத் தெரியும். ஆகவே, 8 ஓமில் இரண்டு சேனல்களைச் சேர்த்து இயக்கி, காதுக்குக் கேட்கும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அளந்த எண்ணைக் கேளுங்கள். உங்கள் கூடத்துக்கு அந்தக் கணக்கில் 50 வாட்டே தாராளம். பிற்பாடு கூரையில் இரண்டு ஸ்பீக்கர் மாட்டி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) கேட்கும் ஆசை இருந்தால், ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 போதாது, ஏழு சேனல் ரிசீவரே வேண்டும். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த லாமிங்டன் சாலையில் வாங்கினால், கடையிலேயே ரிசீவரைத் திருப்பி, டிவிக்குரிய எச்டிஎம்ஐ துளையருகே இஆர்க் (eARC, டிவியின் ஒலியை அதே கேபிளில் ரிசீவருக்கு அனுப்பும் வசதி) என்று பொறித்திருக்கிறதா எனப் பாருங்கள். வீட்டில் தயவுசெய்து மூடிய அலமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். மேலே அரையடி இடைவெளியாவது இல்லையென்றால், சூடேறித் தானாகவே அணைந்துவிடக்கூடும்.