இடி விழுந்த இடத்தில் மறுபடியும் விழுமா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. இரண்டு வருடத்துக்கு முன் இடி விழுந்து நாலு மரம் பட்டுப்போனது. இந்தச் சித்திரையில் அதே மூலையில் மறுபடி விழுந்தது. மோட்டார் ஸ்டார்ட்டர் எரிந்துவிட்டது, மரத்தடியில் கட்டியிருந்த பசுவும் செத்துவிட்டது. அதன் உடம்பில் ஒரு காயம்கூட இல்லை. விழுந்த இடத்தில் திரும்ப விழாது என்பார்களே? இடிதாங்கி வைத்தால் போதுமா?

பதில்: பசுவை இழந்தது பெரிய வேதனைதான். ஆனால் அந்தப் பேச்சை நம்பாதீர்கள். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் வருடத்துக்குச் சுமார் 20 தடவை விழுகிறது. மின்னல் மேகத்திலிருந்து ஏறக்குறைய 50 மீட்டர், 50 மீட்டராகத் தாவித் தாவி இறங்கும். எதில் விழுவது என்பது தரையை நெருங்கிய பிறகுதான் முடிவாகிறது. அப்போது அந்த வட்டாரத்தில் எது ஓங்கி நிற்கிறதோ அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் மூலை மேடாகவோ, மரங்கள் நெட்டையாகவோ இருக்கும். பாருங்கள்.

தென்னையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மின்சாரம் ஒரு மரத்தோடு நிற்பதில்லை. பக்கத்து மரங்களுக்கும் தாவும், ஈர மண்ணிலும் பரவும். அதனால் நடுவில் இருப்பவை முதலில் மட்டை தொங்கிச் சாகும், சுற்றி இருப்பவை சில வாரம் கழித்து. தண்டிலிருந்து சாறு வழிவதைப் பார்த்து, பூஞ்சையால் வரும் தஞ்சாவூர் வாடல் நோய் என்று மருந்துக்கு அலைகிறவர்கள் உண்டு. வாடல் நோயில் சாறு அடித்தண்டில் தொடங்கி மெல்ல மேலே ஏறும், மரம் மரமாகப் பரவ மாதக்கணக்காகும். ஒரு மழைக்குப் பிறகு ஒரே கும்பலாக வாடினால் அது இடிதான். ஓரத்து மரங்களை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். குருத்து பச்சையாக வந்தால் மரம் பிழைத்துவிடும்.

பசுவின் மேல் இடி நேராக விழுந்திருக்க வேண்டியதில்லை. மரம் வழியாக இறங்கிய மின்சாரம் தரையில் பரவும்போது முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே மின்னழுத்தம் மாறுகிறது. கால்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் மின்சாரம் வயிறு, இதயம் வழியாகப் பாய்கிறது. அதனால்தான் காயமே இல்லாமல், சில மாடுகள் வாயில் மென்ற புல்லோடு அப்படியே கிடக்கும். 2016இல் நார்வேயில் ஒரே இடிமழையில் 323 கலைமான்கள் செத்தன. மழை வருகிற சாயலில் மாட்டை மரத்தடியிலோ கம்பி வேலியோரமோ கட்டவே கட்டாதீர்கள். கல்தூணில் ஓடும் கம்பிக்கு மண்ணோடு நல்ல தொடர்பு கிடையாது. எங்கோ விழுந்தது வேலி நெடுக ஓடும். இடையிடையே இரும்புக் கம்பி அடித்து எர்த் கொடுங்கள். இப்படி இழப்பு நேர்ந்தால் புதைப்பதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லிவிட வேண்டும். நிவாரணத்துக்கு அவர்கள் சான்று தேவைப்படும்.

ஸ்டார்ட்டர் எரிந்தது பெரும்பாலும் லைன் வழியாகத் திடீரென்று பாய்ந்த உயர் மின்னழுத்தத்தால். மேகம் கறுக்கும்போதே மெயினை அணைத்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிடுங்கள். இடிக்க ஆரம்பித்த பிறகு பெட்டியைத் தொடப் போகாதீர்கள். அந்த மிகை மின்சாரத்தை மண்ணுக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டர் போட்டாலும், எர்த் குழி காய்ந்து கிடந்தால் அது வீண்.

சரி, இடிதாங்கி. வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் வையுங்கள். தோப்பு முழுக்கக் காக்க ஒரு கம்பியால் முடியாது. அதன் காப்பு, அடியிலிருந்து நாலாபக்கமும் ஏறக்குறைய அதன் உயரத்துக்கு ஈடான தூரத்துக்குள்தான். கீழிறங்கும் செம்புக் கம்பி 50 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எர்த்தின் மின்தடை 10 ஓமுக்குள் வர வேண்டும். வேலை முடிந்ததும் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.