நோட்டரி கேள்வி-பதில்: முத்திரைக்கு முன் ஆள் வர வேண்டும்

கேள்வி: எட்டு ஆண்டுகளாக வழக்கறிஞராகத் தொழில் செய்கிறேன். நோட்டரி நியமனத்துக்கு இப்போது விண்ணப்பிக்கலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: கேள்வியைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1956-ஆம் ஆண்டு நோட்டரி விதிகளின்படி, விண்ணப்பிக்கும் நாளில் குறைந்தது 10 ஆண்டுகள் தொழில் செய்திருக்க வேண்டும். பெண் வழக்கறிஞர்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 7 ஆண்டுகள் போதும். இவற்றுள் நீங்கள் எதில் வருகிறீர்கள் என்று எழுதாத நிலையில் ஆம் என்றோ இல்லை என்றோ நான் எப்படிச் சொல்வது? தகுதி இருந்தால், படிவத்தில் மாஜிஸ்திரேட் ஒருவர், தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் மேலாளர் ஒருவர், வணிகர் ஒருவர், ஊரில் மதிப்புப் பெற்ற இருவர் ஆகியோரின் மேலொப்பத்தை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்; பலருடைய விண்ணப்பம் மேசையிலேயே கிடப்பது இந்த ஐந்து கையெழுத்துகளுக்காகத்தான். மாநில அரசு, மாநிலம் முழுமைக்கோ அதன் ஒரு பகுதிக்கோ நியமிக்கும். ஒன்றிய அரசு, நாடு முழுமைக்கோ அதன் ஒரு பகுதிக்கோ நியமிக்கும். எந்த அரசிடம், எந்தப் பகுதிக்காகக் கேட்கிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

கேள்வி: நான் நோட்டரி. என் தொழில் சான்றிதழ் காலாவதியாகி இரண்டு மாதங்கள் ஆகின்றன. புதுப்பிப்பு வரும்வரை முத்திரை வைத்தால் என்ன?

பதில்: வைக்கக் கூடாது. செல்லத்தக்க சான்றிதழ் இல்லாமல் எவரும் நோட்டரியாகச் செயல்பட முடியாது என்று 1952-ஆம் ஆண்டு நோட்டரிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. சான்றிதழுக்கு ஆயுள் 5 ஆண்டுகள். புதுப்பிக்க ஆறு மாதங்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: கிராமத்து மனையை விற்க, துபாயில் வேலை செய்யும் என் மகன் எனக்குப் பவர் (அவன் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) தர வேண்டும். சென்ற முறை வந்தபோது வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனான். அதில் வாசகத்தைத் தட்டச்சு செய்து உள்ளூர் நோட்டரியிடம் முத்திரை வாங்கினால் போதும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். சரிதானா? (மதுரை வாசகர்)

பதில்: அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மேற்கொண்டு படியுங்கள். நோட்டரி முத்திரைக்கு அருகில் "என் முன்னிலையில் கையொப்பமிட்டார்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் நோட்டரி என்ற பதவியே இருக்கிறது. ஆவணத்தில் எழுதியிருப்பது உண்மை என்றோ, மனை உங்களுடையது என்றோ நோட்டரி சான்று தருவதில்லை. இன்னார் என் எதிரில் வந்தார், இவர் இன்னார் என்று நான் அறிந்துகொண்டேன், இவர் கையெழுத்திட்டார் என்பதற்கு மட்டுமே அவர் சாட்சி. கையெழுத்திட்டவர் துபாயில் இருக்கையில் அந்த வரியை எழுதுகிற நோட்டரி பொய் எழுதுகிறார். எழுதச் சொல்லி உட்கார்ந்திருப்பவரும் அதில் பங்காளிதான்.

நீதிமன்ற வாசல்களில் நாள்தோறும் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். தட்டச்சுக் கடைக்காரர் காலையில் ஒரு கட்டுத் தாளை நோட்டரியின் குமாஸ்தாவிடம் கொடுக்கிறார். மாலையில் அத்தனையிலும் முத்திரை விழுந்து திரும்பி வருகிறது. கையெழுத்துப் போட்டவர்கள் அந்தப் படியையே மிதித்திருக்க மாட்டார்கள். விதிகளின்படி நோட்டரி ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதில் தேதி, ஆவணம் செய்துகொடுத்தவரின் பெயர், முகவரி, வாங்கிய கட்டணம் ஆகியவற்றோடு செய்துகொடுத்தவரின் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. ஆவணத்தை எதிர்த்து வழக்கு வரும் நாளில் நீதிமன்றம் அந்தப் பதிவேட்டைக் கேட்கும், அந்தக் கட்டம் காலியாக இருக்கும். ஆள் நேரில் வர வேண்டும், அடையாளம் காட்ட வேண்டும், பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்: எத்தனை முறை எழுதினாலும் இதைக் கேட்பார் இல்லை.

இனி உங்கள் மனைக்கு வருவோம். ஆள் நேரில் வந்தாலும்கூட, தமிழ்நாட்டில் வசிப்பவர் அசையாச் சொத்துக்காகத் தரும் பவர், பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சார் பதிவாளரிடம் பதிவானால்தான் செல்லும். நோட்டரி முத்திரை அதற்கு மாற்று ஆகாது. உங்கள் மகன் வெளிநாட்டில் இருப்பதால், துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போய் அதிகாரியின் முன் கையெழுத்திட்டு, அங்கே சான்று பெற்று அனுப்பட்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள்.

கேள்வி: உயிலை நோட்டரியிடம் சான்று வாங்காவிட்டால் செல்லாதா?

பதில்: செல்லும். உயிலுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், நோட்டரியும் வேண்டாம். சாட்சிகள் இருவரின் கையெழுத்து வேண்டும். நோட்டரி முத்திரை இருக்கிறதே என்று சாட்சிகளை விட்டுவிட்டவர்களின் உயில்கள்தான் விழுந்துபோகின்றன.

கேள்வி: நானும் என் மனைவியும் மனமொத்துப் பிரிவதாக எழுதி நோட்டரியிடம் சான்று பெற்றுவிட்டோம். நான் மறுமணம் செய்துகொள்ளலாமா?

பதில்: கூடாது. விவாகரத்து தருவது நீதிமன்றம். சில சமூகங்களில் நிரூபிக்கத்தக்க வழக்காறு இருந்தால் அது தனிக் கதை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. திருமணப் பத்திரங்களையும் விவாகரத்துப் பத்திரங்களையும் நோட்டரிகள் சான்றளிக்கக் கூடாது என்று ஒன்றியச் சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் அவர்களுக்குச் சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறது. நூறு ரூபாய் முத்திரைத்தாளை நம்பி மறுமணம் செய்தால் இருமண வழக்கு வரும். திருமணத்துக்கும் இதே விதிதான்: மணந்த பின் தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும், நோட்டரியிடம் போகத் தேவையில்லை.

கேள்வி: மனை வாங்குவதற்கான விற்பனை ஒப்பந்தத்தை நோட்டரியிடம் வைத்துக்கொண்டால் செலவு குறையும் என்கிறார் தரகர்.

பதில்: தரகருக்குக் கமிஷன் குறையாது, உங்களுக்குத்தான் மனை குறையும். மேற்சொன்ன அதே 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தமிழ்நாட்டில் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும்.

கேள்வி: நகல் சான்றுக்கு அசல் அவசியமா? அசல் ஊரில் இருக்கிறது.

பதில்: அசலைப் பார்க்காமல் நகல் சரி என்று எப்படிச் சொல்வது? எடுத்து வாருங்கள்.

கேள்வி: வேலூரில் வசிக்கிறேன். சென்னை நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் செய்துகொண்டால் செல்லுமா?

பதில்: செல்லும். நோட்டரி தமக்குரிய பகுதிக்கு உள்ளே இருந்து செய்ய வேண்டும் என்பதே விதி. நீங்கள் எந்த ஊர்க்காரர் என்பது பொருட்டல்ல. முத்திரையைப் பாருங்கள்: 5 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அவருடைய பெயரும் பகுதியின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பெயர் மங்கி, எண் அழிந்திருந்தால் வேறு நோட்டரியைத் தேடுங்கள். போவது நீங்களாக இருக்கட்டும், மைத்துனரை அனுப்பாதீர்கள்.

கேள்வி: ஒருவர் ஐம்பது ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் ஐந்நூறு கேட்கிறார். எது நியாயம்?

பதில்: இரண்டும் அவரவர் வாய்க்கு வந்தது. கட்டண விகிதத்தை அறையின் உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. பலகை எங்கே என்று கேளுங்கள், ரசீதும் கேளுங்கள்.