ஞாயிறு பிரசங்கமும் திங்கட்கிழமை வேலையும்

அன்புள்ள ஐயா,

எங்கள் குருவானவர் நன்றாகப் பிரசங்கிப்பார். ஆராதனையை முழுசாக யூடியூபில் ஏற்றுகிறோம், முப்பது பேர் பார்த்தால் அதிகம். வாலிபர் சங்கத்தில் ரீல்ஸ் போடலாம் என்கிறார்கள். ஞாயிறைத் தாண்டிச் செய்தி போய்ச்சேர வேறு வழி உண்டா?

ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். முதலில் மைக் கரகரப்பு, அப்புறம் அசன வரி (கோயில் பொது விருந்துக்கான வரி) பாக்கி பற்றிய அறிவிப்பு, இரண்டு பாட்டு, அதற்குப் பிறகுதான் உங்கள் குருவானவர் ஐயா வாயே திறக்கிறார். வெளியாள் யார் அதுவரை உட்கார்ந்திருப்பார்? ஆனால் அவர் பேசத் தொடங்கியதும் என்னால் நிறுத்த முடியவில்லை. சரக்கு இருக்கிறது.

லண்டனில் ஸ்பர்ஜன் என்ற புகழ்பெற்ற போதகரின் பிரசங்கம் 1855லிருந்து வாராவாரம் ஒரு பென்னி விலையில் அச்சாகி வந்தது. அவர் எழுதிவைத்துப் படிப்பவர் அல்ல, சின்னக் குறிப்போடு ஏறிப் பேசுவார். சுருக்கெழுத்தில் எடுத்ததைத் திங்கட்கிழமை அவரே உட்கார்ந்து அடித்துத் திருத்துவார், அந்த வாரத்துக்குள் அச்சில் வந்துவிடும். 1892இல் அவர் இறந்த பிறகும் கையிருப்பை வைத்து 1917 வரை ஓடியது, நின்றதும் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால்தான். ஆப்பிரிக்காவில் அலைந்த மிஷனரி லிவிங்ஸ்டன் அதில் ஒன்றில் 'மிக நன்று' என்று தன் கையால் எழுதிக் கூடவே வைத்திருந்தார். எல்லோரும் அச்சு இயந்திரத்தைத்தான் பாராட்டுகிறார்கள், எனக்கு அந்தத் திங்கட்கிழமைதான் பெரிதாகத் தெரிகிறது. உங்கள் சபையில் அந்த வேலையை யாரும் செய்யவில்லை.

ஐயாவிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள். ஞாயிறு சொன்னதில் ஒரே ஒரு கருத்தை எடுத்து, வீட்டில் உட்கார்ந்து போனில் ஏழெட்டு நிமிடம் பேசிப் பதியட்டும், எதிரே ஓர் ஆள் இருப்பதுபோல. அதை வாட்ஸப்பில் அனுப்புங்கள். குவைத்தில் இருக்கும் உங்கள் ஊர்ப் பையனுக்கு ஞாயிறு வேலைநாள், அங்கே ஆராதனை வெள்ளிக்கிழமை; கம்பெனி பஸ்ஸில் போகும்போது அவன் கேட்பான். ஞாயிறு டியூட்டி பார்க்கும் நர்ஸ், முழங்கால் வலியால் கோயிலுக்கு வர முடியாத ஆச்சி, இவர்களுக்கும் அதுவே போதும்.

இன்னொன்று, அந்த வீடியோவில் ஐயா ஒரு குடும்பத்துச் சண்டையை உதாரணமாகச் சொல்கிறார். பெயர் சொல்லவில்லை, ஆனால் ஊரில் யாருக்குத் தெரியாது? கோயிலுக்குள் சொன்னது அங்கேயே கரைந்துவிடும், யூடியூபில் கரையாது. அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

ரீல்ஸ் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவர் குரலை உயர்த்தும் அரை நிமிடத்தை மட்டும் வெட்டிப் போட்டால் யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கும். வாலிபர் சங்கத்தாரை வெளியூர்ப் பிள்ளைகளின் நம்பர்களைச் சேர்க்கச் சொல்லுங்கள், அந்தப் பட்டியல் இன்னும் உங்களிடம் இல்லை என்று நினைக்கிறேன்.