பணியில் இருக்கும் ஆசிரியர் எம்.எட். படிப்பதா, எம்.ஏ. கல்வியியல் படிப்பதா?

பி.எட். முடித்துப் பல ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக இருக்கும் நீங்கள், வேலையை விடாமல் கல்வியியலில் முதுகலைப் பட்டம் பெற எம்.எட். நல்லதா, தொலைநிலையில் எம்.ஏ. கல்வியியல் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்துக்கொண்டே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கல்வியியல் முடித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முதலில் எம்.எட். ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளை நெறிப்படுத்தும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் ஓராண்டாக இருந்த இப்படிப்பை ஈராண்டாக்கின. ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், வகுப்புகளுக்கு 80 விழுக்காடும் களப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை என்பவை அந்த விதிமுறைகளில் உள்ள நிபந்தனைகள். பி.எட். படிப்புக்குத் தொலைநிலை வடிவத்தை அனுமதித்த அதே விதிமுறைகளில் எம்.எட். படிப்புக்கு அப்படி ஒரு வடிவம் கிடையாது. ஆகவே நீண்ட விடுப்பு எடுக்காமல் முறையாக எம்.எட். படிக்க வழியில்லை. "சனி, ஞாயிறு வந்தால் போதும், வருகைப் பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால், பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் கல்லூரியின் வருகைப் பதிவேட்டிலும் ஒரே நாளில் உங்கள் கையெழுத்து இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு விளக்கம் தர வேண்டியவர் நீங்கள்தான், கல்லூரி அல்ல. 2025இல் வெளியான வரைவு விதிமுறைகள் முழுநேர எம்.எட். படிப்பை மீண்டும் ஓராண்டாக்கி, பணியில் இருப்போருக்கு ஈராண்டுப் பகுதிநேர எம்.எட். படிப்பையும் முன்மொழிந்தன. உங்களுக்கு அவசரம் இல்லையென்றால், அது உங்கள் பகுதியில் நடைமுறைக்கு வருகிறதா என்று கவனித்து முடிவெடுக்கலாம்.

நான் படித்த பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கல்வியியலை இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்குள் முடிக்கலாம். ஆனால் அது எம்.எட். பட்டத்துக்கு நிகரானதன்று. கல்வியியல் கல்லூரியில் ஆசிரியராகவோ, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராகவோ செல்வது உங்கள் குறிக்கோள் என்றால், எம்.எட். தேவைப்படும். இதில் ஒரு விலக்கு உண்டு: பி.எட். கல்லூரிகளில் கல்வியின் அடிப்படைகள் சார்ந்த பாடங்களைக் கற்பிக்க, 55 விழுக்காடு மதிப்பெண்களுடன் எம்.ஏ. கல்வியியலும் பி.எட். பட்டமும் பெற்றவரை 2014 விதிமுறைகள் ஏற்கின்றன. கணிதம், அறிவியல் போன்றவற்றைக் கற்பிக்கும் முறை பற்றிய பாடங்களுக்கு இது பொருந்தாது.

பணப்பயனையும் பதவி உயர்வையும் கருதிப் படிப்பதானால் இரண்டு பட்டங்களுமே ஏமாற்றம் தரும். உயர்கல்விக்காகத் தமிழ்நாட்டு அரசு வழங்கிவந்த ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச்சில் ரத்தானது. முதுகலை ஆசிரியர் பதவி உயர்வுக்கு உங்கள் பாடத்தில் முதுகலைப் பட்டம் வேண்டும். அது இல்லாதவர் முதலில் அதைப் படிப்பதே அறிவுடைமை.

இத்தனைக்குப் பிறகும் நான் எம்.ஏ. கல்வியியலைப் பரிந்துரைப்பேன். பி.எட். படிக்கும்போது, பிள்ளைகள் கற்கும் விதத்தை ஆராய்ந்த உளவியலாளர்களான பியாஜேயும் வைகாட்ஸ்கியும் தேர்வுக்கு மனப்பாடம் செய்த பெயர்கள்; பல ஆண்டுகள் வகுப்பெடுத்த பின் படிக்கும்போது ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் நமக்குத் தெரிந்த ஒரு மாணவரின் முகம் நினைவுக்கு வருகிறது, சில இடங்களில் கோட்பாட்டோடு சண்டை பிடிக்கவும் தோன்றுகிறது. எனக்கு மிகவும் பயன்பட்டது கல்வி ஆராய்ச்சித் தாள். (அ+ஆ)² என்பதை அ²+ஆ² என்று எழுதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அதுவரை கவனக்குறைவானவர்கள் என்றே எண்ணியிருந்தேன். விடைத்தாள்களை வகைப்படுத்தி, சிலரைத் தனியே அமர்த்தி எப்படிச் செய்தார்கள் என்று சொல்லச் சொன்னபோது, இரண்டால் பெருக்கும்போது 2(அ+ஆ) என்பதை 2அ+2ஆ என்று பிரித்த பழக்கத்தையே அடுக்குக்கும் நீட்டுகிறார்கள் என்பது புலப்பட்டது. அதன் பிறகு அந்தச் சூத்திரத்தைச் சதுரம் வரைந்து பரப்பளவாகப் பிரித்துக் காட்டிய பின்பே எழுதிப் போடுகிறேன். இத்தகைய வேலைக்குப் புதிதாகப் பட்டம் பெற்று வருபவரிடம் வகுப்பறை இல்லை. உங்களிடம் அது நாள்தோறும் இருக்கிறது.

நடைமுறை பற்றிச் சில சொற்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கின்றன; தமிழ்வழியில் படித்தவருக்குத் தொடக்கம் சற்றுக் கடினமாக இருக்கும். ஒப்படைப்புகளுக்கு 30 விழுக்காடும் பருவத் தேர்வுக்கு 70 விழுக்காடும் மதிப்பு. தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். டிசம்பரில் நம் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வும் விடைத்தாள் திருத்தமும் சேர்ந்துகொள்வதால், மே விடுமுறையில் படித்துக் கடினமான தாள்களை ஜூனில் எழுதுவது நல்லது. எல்லாவற்றுக்கும் முன்பாக, கட்டணம் செலுத்துவதற்கு முன்பே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்து, உரிய அலுவலரிடம் எழுத்து வடிவில் முன் அனுமதி பெறுங்கள். முன் அனுமதி இல்லாமல் பெற்ற பட்டத்தைப் பின்னர் பணிப்பதிவேட்டில் பதியச் செய்வது, அந்தப் பட்டத்தைப் பெறுவதைவிடக் கடினமான வேலை.